மருத்துவக் கல்வியின் வாயிலும் தணிகை நாட்டாரும்

நம் மரபினருடைய பிள்ளைகளுள் மருத்துவக் கல்வியை நாடுவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. திருத்தணிகையிலும், அதனைச் சூழ்ந்த பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களிலும், தறியோசை கேட்கும் தெருத்தோறும் ஒரு பிள்ளையேனும் ‘நீட்’ என்னும் நுழைவுத் தேர்வின் பொருட்டுப் புத்தகமும் கையுமாக அமர்ந்திருக்கக் காண்கின்றோம். இடம் பெற்ற வீட்டில் விழா நிகழ்கின்றது. பெறாத வீட்டில் பல நாள் அடுப்பு மூட்டவும் மனம் வருவதில்லை. பெறாத பிள்ளையை நோக்கி, ‘உன் தலையெழுத்து இவ்வளவே’ என்பாரும் உளர்; ‘நூலும் தறியும் நமக்குப் போதாவோ, இத்துணை ஆசை எதற்கு’ என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதனை வரலாற்று முகத்தான் காட்டுதலே யாம் ஈண்டு எழுதப் புகுந்ததன் நோக்கமாகும்.

மருத்துவக் கல்லூரியின் வாயில் என்றும் ஒரே திறவுகோலால் திறக்கப்பட்டதன்று. ஒரு காலத்தில் ஆங்கில மொழியே திறவுகோலாயிருந்தது. ஒரு காலத்தில் பிறந்த குலமும், ஆண் பெண் என்னும் வேற்றுமையும் தாழாக நின்றன. ஒரு காலத்தில் எல்லைக்கோடு குறுக்கிட்டது. இக்காலத்தில் மதிப்பெண் ஒன்றே பேசப்படுகின்றது. திறவுகோல் மாறியபோதெல்லாம், அம்மாற்றத்தை முன்னறிந்தோர் உட்புகுந்தனர். பின்னறிந்தோர் ஒரு தலைமுறை வெளியே நின்றனர். இவ்வொன்றை அன்பர்கள் உளங்கொண்டால், பிள்ளைகள்மேல் வைக்கும் பழியிற் பாதி குறையும். நம் சங்கம் செய்யவேண்டிய பணியும் தெளிவாகும்.

ஆங்கிலம் திறவுகோலான காலம்

மேலை மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் கல்லூரிகள் நம் நாட்டில் 1835-ஆம் ஆண்டிலே தோன்றின. அவ்வாண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் வில்லியம் பெண்டிங்கு பிரபுவின் ஆணையாற் கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது. ஐந்து நாள் கழித்துப் பிப்ரவரி 2-ஆம் நாள், சர் பிரடெரிக் ஆதம் கவர்னராயிருந்த காலத்தில், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியைச் சார்ந்து ‘மெடிகல் ஸ்கூல்’ ஒன்று அமைந்தது. படைகளுக்கு வேண்டிய துணை வைத்தியர்களைப் பயிற்றுதலே சென்னைப் பள்ளியின் முதல் நோக்கம். 1850-இல் அது கல்லூரி என்னும் பெயர் பெற்றது. இன்று சென்ட்ரல் நிலையத்தில் இரயிலினின்று இறங்கும் நம்மவர், சாலையின் எதிர்ப்புறத்தே காணும் சென்னை மருத்துவக் கல்லூரி அதுவேயாம்.

கல்கத்தாக் கல்லூரியிற் சேர விரும்புவோர் 14 முதல் 20 வரை வயதுடையராயும், ஆங்கிலமும் வங்காளமுமாவது, ஆங்கிலமும் இந்துஸ்தானியுமாவது எழுதப் படிக்க வல்லவராயும் இருத்தல் வேண்டுமென்று விதித்தனர். விண்ணப்பித்தோரை ஒரு குழுவினர் சோதித்தே தேர்ந்துகொண்டனர். நம் நாட்டில் மருத்துவக் கல்விக்கு நடந்த நுழைவுத் தேர்வுகளுள் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. இதில் நாம் ஊன்றிக் காணத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. கல்கத்தாவில் 1822 முதல் நாட்டு மொழியில் மருத்துவம் கற்பித்து வந்த ஒரு நிலையமும், சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் நடந்த மருத்துவ வகுப்புகளும், புதிய கல்லூரியைத் திறந்த அதே ஆணையினாலே மூடப்பட்டன. ஒரு கதவு திறந்த நாளிலேயே மற்றொரு கதவு அடைபட்டது. அடைபட்ட கதவின் பக்கத்தில் நின்றோருள் மதுசூதன குப்தர் என்னும் பண்டிதர், காலத்தின் குறிப்பறிந்து புதிய கல்லூரியிற் புகுந்தார். 1836-இல், குலத்தாரின் அச்சத்தைக் கடந்து, மனித உடலை அறுத்து ஆராய்ந்த செயலால் அவர் பெயர் நிலைத்தது. அவருடன் பழைய வகுப்பிலிருந்த ஏனையோர் பெயர்களை இன்று அறிவார் அரியர்.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபின், மெட்ரிகுலேஷன் என்னும் தேர்வு கல்லூரிக் கல்விக்கெல்லாம் முதற்படியாயிற்று. அப்படியில் ஏற ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் கற்க நகரில் உள்ள உயர்தரப் பள்ளி வேண்டும். நகரில் தங்கப் பொருள் வேண்டும். திருத்தணிகை அக்காலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் சமீன்தாரிக்கு உட்பட்ட சிற்றூர். இவ்வூரிற் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணர், உயர்கல்வியின் பொருட்டுத் திருப்பதிக்கும், பின்னர் வேலூருக்கும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியதாயிற்று. பின்னாளிற் குடியரசுத் தலைவரான பேரறிஞர்க்கே இத்துணைப் பயணம் வேண்டியிருந்ததெனின், குழித்தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்த நம் முன்னோர் தம் மக்களை எவ்வாறு அனுப்பியிருத்தல் கூடும்? அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். பாவு நீட்டிப் புணி பிடித்துக் கரை கட்டிய கணக்கை மனத்திலே வைத்திருந்தவர்கள் அவர்கள். அக்கணக்கைக் கேட்பார்தாம் கல்லூரி வாயிலில் இருந்ததில்லை.

மேலை மருத்துவத்தை ஆங்கிலத்திலன்றிக் கற்பித்தல் இயலாதோ என்னும் வினாவிற்கு, கடலுக்கப்பால் நம் மொழியினர் வாழும் யாழ்ப்பாணம் விடை பகர்கின்றது. 1847-இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து அங்கு வந்த சாமுவேல் பிஸ்கு கிறீன் என்னும் வைத்தியர், மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழ் மக்களுக்குத் தமிழறிந்த வைத்தியரே பயன்படுவர் எனத் துணிந்து, தமிழிலேயே கற்பிக்கலானார். அதன்பொருட்டு உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கியும், பிறரைக்கொண்டு ஆக்குவித்தும் வெளியிட்டார். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். 1873-இல் தாயகம் திரும்பி 1884-இற் காலமான அப்பெரியாரின் கல்லறையில், தமிழர்க்கு வைத்தியப் பணி புரிந்தவர் என்றே பொறித்துள்ளனர். தமிழிற் சொல் இல்லையென்னும் குறை, உண்மையில் முயல்வார் இல்லையென்னும் குறையே என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்றாம்.

பிறப்பும் பாலும் தாழாக நின்ற காலம்

1875-ஆம் ஆண்டு வரையிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பெண்களுக்கு இடமில்லை. அவ்வாண்டில் மேரி ஷார்லீபு அம்மையாரும் மற்று மூவரும் சேர்த்துக்கொள்ளப்பெற்றனர். நம் நாட்டுப் பெண்டிர் நோயுற்ற காலத்தும் ஆடவ வைத்தியர்முன் வரக் கூசி உயிர் விடுதலைக் கண்டே தாம் அக்கல்வியை விரும்பியதாக அவ்வம்மையார் கூறியுள்ளார். அவர் 1878-இற் படிப்பை முடித்தார்.

அடுத்து நினைக்கத்தக்கவர் புதுக்கோட்டையில் 1886-இற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் தாயார் தேவதாசி மரபினர். தந்தையார் மகாராசா கல்லூரியின் தலைமை ஆசிரியராயிருந்தவர். பெண் பருவமெய்தியபின் பள்ளிக்குச் செல்லாத காலமாதலின், வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் இசைவினாலே இடம் கிடைத்தது. 1907-இற் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து 1912-இற் பட்டம் பெற்றார். தேர்வு அவருக்கு எளிதாகவே இருந்தது. தேர்வு நடக்கும் இடம்வரை சென்று சேர்தலே அரிதாயிருந்தது. 1918-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தபோது, முதல் அணியிற் படிப்பை நிறைவு செய்த பதினால்வர் 1922-இல் தேறி வெளிவந்தனர். வேலூர் நமக்கு அணித்தே உள்ள ஊர். ஆயினும் நம் தெருக்களிலிருந்து எத்துணைப் பெண்கள் அப்பள்ளியை நோக்கிச் சென்றனர் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், வினாவே அவர்கட்கு வியப்பாயிருக்கும்.

குலம் பற்றிய தடைக்கு வருவோம். இந்நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னையிற் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்கி உண்ண இடம் கிடைப்பதே அரிதாயிருந்தது. டாக்டர் சி. நடேச முதலியார் இக்குறையைக் கண்டார். அவர் தாமே மருத்துவர். 1912-இற் சங்கம் கண்டு, அதனைச் சார்ந்து திருவல்லிக்கேணியிற் ‘திராவிடர் இல்லம்’ என்னும் மாணவர் விடுதியை நடத்தினார். மேடைப் பேச்சினால் மட்டும் கல்வி வாராது, படுக்கப் பாயும் உண்ணச் சோறும் படிக்க விளக்கும் வேண்டும் என்று அறிந்த செயல் அது. அவ்விடுதி ஒரு குலத்தார்க்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை என்பதையும் அன்பர்கள் குறித்துக்கொள்க.

பின்னர் வகுப்புவாரி உரிமை ஆணை 1921 முதல் வளர்ந்து வந்தது. 1947-இல் திருத்தப்பெற்ற ஒழுங்கின்படி, கல்லூரி இடங்கள் 14-க்கு, பிராமணரல்லாத இந்துக்கட்கு 6, பிற்பட்ட இந்துக்கட்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்தோர்க்கு 1, முஸ்லிம்கட்கு 1 என்று பகுக்கப்பட்டன. குடியரசு தோன்றிய 1950-இல் இவ்வாணை நீதிமன்றம் ஏறிற்று. மருத்துவக் கல்லூரியை நாடிய செண்பகம் துரைராசன் என்னும் அம்மையாரின் வழக்கிற் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்று, பிற்பட்ட மக்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசினர்க்கு உரிமை தரும் 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. இந்தியாவின் முதல் அரசியலமைப்புத் திருத்தத்திற்குக் காரணமானவற்றுள் ஒரு மருத்துவக் கல்லூரி இடமும் உண்டு என்பது நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. இன்று அவர்கள் விண்ணப்பத்தில் வகுப்பை எழுதும் ஒரு சிறு கட்டத்தின்பின் இத்துணை வரலாறு நிற்கின்றது.

எல்லைக்கோடும் கல்லூரியும்

இனித் தணிகை நாட்டார்க்கே சிறப்பாக உரிய பகுதியைக் கூறுவோம். 1911 ஏப்ரலிற் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைந்தபோது, திருத்தணிகை வட ஆர்க்காட்டினின்று பிரிந்து அதனுட் சேர்ந்தது. அதுகாறும் எல்லாம் ஒரே சென்னை இராசதானியாதலின், கல்வித் துறையில் வேற்றுமை தோன்றவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர இராச்சியம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுட் போயிற்று. திருத்தணிகையும் உடன் போயிற்று.

வடவெல்லைக் கிளர்ச்சியின் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததே. ம. பொ. சிவஞான கிராமணியார் தலைமையில் நிகழ்ந்த போராட்டமும், படாஸ்கர் அவர்களின் முடிவும், அதன்மேல் எழுந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிகை சென்னை இராச்சியத்தோடு இணைந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். ஆனால் அந்த ஆறரை ஆண்டுகளிற் கல்லூரி வயதை எய்திய பிள்ளைகளின் நிலையை நினைத்தவர் சிலரே. அதுவரை இரயிலேறி அரக்கோணத்தின் வழியே காலையிற் புறப்பட்டு நண்பகலுக்குள் அடையும் சென்னைக் கல்லூரிகள், ஒரே நாளில் வேற்று இராச்சியத்தினுடையன ஆயின. அவர்கள் இருந்த புதிய இராச்சியத்தின் அரசினர் மருத்துவக் கல்லூரிகளோ, 1923-இல் தோன்றிய விசாகப்பட்டினமும் 1946-இல் தோன்றிய குண்டூருமாகத் தொலைவிற் கிடந்தன. கர்நூலில் 1956-இலேதான் ஒன்று தோன்றிற்று. மலையும் படியும் இருந்த இடத்திலேயே இருந்தன. கல்லூரி மட்டும் அகன்றது.

இவ்வரலாற்றில் ஒரு விந்தையும் உளது. திருத்தணிகை தமிழகத்தோடு சேர்ந்த அதே 1960-ஆம் ஆண்டிலே, நமக்குச் சென்னையினும் அணித்தான திருப்பதியில் வேங்கடேசுவர மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. கோடு வேறு பக்கம் விழுந்திருப்பின் அக்கல்லூரி நம் பிள்ளைகட்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியாய் இருந்திருக்கும். தாய்மொழி நாட்டோடு சேர்ந்தது நன்றே, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் கிடப்பதன்று, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தாளின் ஊடேயும் அது செல்கின்றது. நகரி, புத்தூர் முதலிய ஊர்களில் நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு. பேறுகாலத்திற்குத் தாய்வீடு சென்று பிள்ளை பெறுவாரும், பாட்டன் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பாரும் பலர். அப்பக்கம் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளை இப்பக்கத்து இடத்திற்கு விண்ணப்பிக்குங்கால், ‘நேட்டிவிட்டி’ என்னும் பிறப்பிடச் சான்றும், வகுப்புச் சான்றும் பற்றிய வினாக்கள் எழும். கலந்தாய்விற்கு ஒரு கிழமை முன்னர்த் தாலுகா அலுவலகத்திற்கு ஓடுதலினும், பிள்ளையை ஆறாம் வகுப்பிற் சேர்க்கும்போதே இதனை எண்ணுதல் அறிவுடைமை.

எல்லை மாநிலங்களுக்கிடையே மட்டும் நில்லாது, மாவட்டங்களுக்கிடையேயும் வந்தது. 1960-களிற் சென்னை இராச்சியத்தில் மருத்துவ இடங்களை மாவட்டந்தோறும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பகுத்தளித்தனர். பின்தங்கிய மாவட்டங்களும் வைத்தியரைப் பெறவேண்டும் என்னும் எண்ணம் நல்லதே. ஆயினும் ஒரு மாவட்டத்திற் குறைந்த தகுதியுடையார்க்கு இடம் கிடைக்க, மற்றொன்றில் மிக்க தகுதியுடையார்க்குக் கிடையாதொழிதல் சமன்மைக்கு மாறென்று, இராசேந்திரன் என்பார் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிற்று. நேர்முகப் பேட்டி மதிப்பெண்ணும் அக்காலத்தில் இடத்தைத் தீர்மானித்தது. தேர்வுத் தாளிற் சிறந்தவர் பேட்டியில் வீழ்வதும், பின்தங்கியவர் பேட்டியில் எழுவதும் கண்டு எழுந்த பெரியகருப்பன் வழக்கில், 1970-இல் அத்தேர்ந்தெடுப்பு முறையின் குறைகளை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நயமான உடையும் நகரப் பேச்சும் இல்லாத பிள்ளைகட்குப் பேட்டியறையின் கதவே ஒரு தாழாய் நின்ற காலம் அது.

மதிப்பெண் ஆளும் காலம்

பேட்டியின் மேல் ஐயம் எழுந்தபின், எண்ணே நடுநிலையானது என்னும் நம்பிக்கை ஓங்கிற்று. 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி, அஃதாவது ‘பிளஸ் டூ’, வந்தது. 1984-இல் மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விகட்கு மாநில நுழைவுத் தேர்வு தொடங்கிற்று. பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை 200-க்கும் நுழைவுத் தேர்வை 100-க்கும் சுருக்கி, 300-க்குத் தரவரிசை வகுத்தனர். இருபதாண்டுகளுக்கு மேல் நிலவிய இம்முறை, நகரப் பயிற்சி நிலையங்களை அடைய இயலாத நாட்டுப்புற மாணவர்க்குத் தீங்கென்று கருதப்பட்டு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கைவிடப்பட்டது. அச்சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் இசைவும் கிடைத்தது. 2007 முதற் பத்தாண்டுகள் பள்ளி மதிப்பெண்ணே வாயிலாயிருந்தது.

இதற்கிடையில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்னும் கருத்து 2010-இல் உருவெடுத்தது. 2013-இல் ஒருமுறை அத்தேர்வு நடந்தது. அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. தமிழகத்து அரசினர் இடங்கட்கு அவ்வாண்டு மட்டும் விலக்குக் கிடைத்தது. 2017 முதல் நீட் தேர்வே வாயிலாயிற்று. பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மாநிலப் பாடத்தைக் கருத்தூன்றிக் கற்ற பிள்ளைகள், தேர்வு வேறொரு பாடத்திட்டத்தைத் தழுவியதெனக் கண்டு திகைத்தனர். முன்னாள் ஆண்டில் இடம் பெறத்தக்க மதிப்பெண் எடுத்திருந்தும், அவ்வாண்டில் வெளியே நின்ற பிள்ளைகளின் துயரை, சில வீடுகள் உயிரிழப்பாகவும் கண்டதை, நாடறியும். கல்கத்தாவில் 1835-இல் நிகழ்ந்தது போலவே, கற்றுக்கொண்டிருந்த வகுப்பின் கதவு இடையில் அடைபட்டது.

2018-ஆம் ஆண்டுத் தேர்வு தமிழாசிரியர் அனைவரும் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. விலங்கின் ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப்படுத்தாது ‘சீத்தா’ என ஒலிபெயர்த்து விட்டிருந்தனர்; அதனைக் கண்ட பிள்ளை அப்பழத்தை நினைத்திருந்தால் வியப்பில்லை. வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தமிழ் மாணவர்க்கு அளிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை முதலில் நிறுத்தி வைத்துப் பின்னர் நீக்கிற்று. அவ்வாண்டு நம் மாநிலத்துப் பிள்ளைகள் பலர்க்குத் தேர்வு மையம் கேரளத்திலும் இராசத்தானத்திலும் அமைந்த துன்பமும் உடன் நிகழ்ந்தது. நூற்றைம்பதாண்டுகட்கு முன்னரே மானிப்பாயில் ஓர் அமெரிக்கர் உடற்கூற்று நூல் முழுவதையும் தமிழிற் பெயர்த்திருக்க, ஒரு வினாத்தாளைப் பிழையறப் பெயர்ப்பார் நாட்டில் இலராயினர் என்பது நாணத்தக்கதே.

2020-இல், ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்று நீட் தேறியோர்க்கு 7.5 விழுக்காடு இடங்களை முதன்மை முறையில் ஒதுக்கும் சட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூற்றுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர். அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2021-இல் நீதியரசர் ஏ. கே. இராசன் குழு, நீட் தேர்வின்பின் தமிழ் வழி பயின்றோர் பங்கு கடுமையாகக் குறைந்ததையும், முதன்முறை எழுதி இடம் பெறுவோர் குறைந்து, மீண்டும் மீண்டும் எழுதுவோர் மிகுந்ததையும் காட்டிற்று. 2020-21-இற் சேர்ந்தோருட் பத்துக்கு ஏழுவர் மறுமுறை எழுதியோர் என்பது அக்குழு கண்ட கணக்கு. விலக்குக் கோரும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்திற் சென்றது. அதற்கு இசைவு மறுக்கப்பட்டதென 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அவ்வாண்டு மே மாதத் தேர்வில், பௌதிகம் 45, இரசாயனம் 45, உயிரியல் 90 ஆக 180 வினாக்களை 180 நிமிடத்தில் விடுக்கவேண்டியிருந்தது. சரியான விடைக்கு 4 கூடும், தவறான விடைக்கு 1 குறையும், மொத்தம் 720.

நாம் செய்யத்தக்கன

வினாவிற்கு ஒரு நிமிடம் என்னும் இக்கணக்கை ஊன்றி நோக்குமின். இத்தேர்வு அறிவோடு பழக்கத்தையும் அளக்கின்றது. பழக்கத்திற்குக் காலம் வேண்டும். காலத்திற்குப் பொருள் வேண்டும். மறுமுறை எழுதுவோரே மிகுதியாக இடம் பெறுகின்றனர் எனின், ஒரு முழு ஆண்டு சம்பாதியாத பிள்ளையைத் தாங்கவல்ல வீடே முந்துகின்றது என்பதே அதன் பொருள். பவர்லூம் இரண்டனுள் ஒன்றை விற்றுப் பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் செலுத்தும் தந்தையரை யாம் அறிவோம். அவ்வாறு விற்றபின் பிள்ளைக்கு இடம் வாராதாயின், வீட்டின் துயரம் முழுவதும் அப்பிள்ளையின் தலைமேல் இறங்குகின்றது. பதினேழு வயதுத் தோள் அதனைத் தாங்காது.

இன்னொன்றும் கூறவேண்டும். ஆண்பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் கொடுக்கும் வீடுகள், பெண்பிள்ளை முதன்முறை தவறியவுடன் ‘போதும்’ என்று கூறி, அடுத்த தை மாதத்திற்குள் வரன் பார்க்கின்றன. அரசும் நீதிமன்றமும் 1875-இலிருந்து சிறிது சிறிதாக நீக்கிய தாழை நாமே வீட்டின் உட்புறத்திலிருந்து இடுகின்றோம். முத்துலட்சுமி அம்மையாரின் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டி மாலை சூட்டுதலினும், ஒரு பெண்ணுக்கு மற்றும் ஓராண்டு கொடுத்தல் அவர்க்கு மேலான வழிபாடாகும்.

நம் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, சங்கக் கட்டடத்தின் மேல்தளம் திருமண நாள் ஒழிந்த நாட்களிற் பூட்டியே கிடக்கின்றது. அதனைப் படிப்பகமாக்கி, மின்விளக்கும் விசிறியும் பலகையும் இட்டு, பழைய வினாத்தாள்களையும் மத்தியப் பாடப் புத்தகங்களையும் வாங்கி வைத்தல் வேண்டும். மரபினருட் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கற்பிக்கும் ஆசிரியர் பலர் உளர். கிழமைக்கு இரண்டு மாலை ஒருவர் வந்தாலும் போதும். வடவெல்லையில் ஊர் ஊராகச் சென்று ஊதியம் கருதாது தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் ஓர் ஆசிரியரே. கட்டடமும் இன்றி அவர் செய்த பணியை, கட்டடம் வைத்துக்கொண்டு நாம் செய்ய இயலாதோ?

இரண்டாவது, வாயிலின் விதி மாறுவதை முன்னறிதற்கு ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். ஆண்டுதோறும் அறிவிப்பு வருங்கால் அதனைத் தமிழில் எடுத்தெழுதி இவ்விதழில் வெளியிடுதலும், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரையே அழைத்துச் சான்றுகளைப் பற்றிக் கூறுதலும் அவர் கடன். அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளியிற் சேர்ப்பதாற் பிள்ளை இழக்கும் 7.5 விழுக்காட்டுரிமையைப் பற்றி, சேர்த்தபின் அன்று, சேர்ப்பதற்கு முன் சொல்லவேண்டும். 2022-இல் நம் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியிருக்கும் இக்காலத்தில், விதி அறியாமையால் ஒரு பிள்ளை வெளியே நிற்குமாயின் அப்பழி நம்மையே சாரும்.

மூன்றாவது, சிலர்க்கு உவப்பளியாதாயினும் உரைத்தே தீரவேண்டும். அப்படிப்பகம் ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். ‘நம் பொருளிற் பிறர் பிள்ளை படிப்பதோ’ என்று வினவுவார் உளராயின், அவர் நடேச முதலியாரின் விடுதியை நினைக்க. அடைபட்ட வாயிலின்முன் நம் முன்னோர் நின்ற காலத்தில், ‘இது எங்கள் வீடு’ என்று கூறியவர்களைப் பற்றி நாம் இன்றும் குறைகூறி வருகின்றோம். அதே சொல்லை நாம் கூறலாமோ? ஒரே விளக்கின்கீழ் நால்வர் படித்தால் ஒளி குறைவதில்லை. ஒருவர் அறியாததை மற்றவர் கூறுவர். போட்டியும் நட்பும் ஒருங்கே வளரும். நாளை இவர்களுள் ஒருவர் வைத்தியராகி, இரவு இரண்டு மணிக்கு நம் வீட்டு நோயாளியின் கைபிடித்து நாடி பார்க்குங்கால், எந்த மரபின் கை அது என்று நாம் கேட்கப்போவதில்லை.

இறுதியாகப் பிள்ளைகட்கு ஒரு சொல். இவ்வாயிலின் திறவுகோல் நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளிற் பலமுறை மாறியது, இனியும் மாறும். ஆகலின் ஒரு நாளில் மூன்று மணி நேரத்தில் வரும் ஓர் எண் உங்கள் அறிவின் முழு அளவாகாது. முயன்று எழுதுங்கள்; வேண்டுமாயின் மறுமுறையும் எழுதுங்கள்; வாராதாயின் தலைநிமிர்ந்து வேறு துறை செல்லுங்கள். அன்றும் இப்படிப்பகத்தில் உங்கட்கு இருக்கை உண்டு.

வருகின்ற பொதுக்கூட்டத்தில் மேற்கூறிய மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவர உள்ளோம். அன்பர்கள் குடும்பத்தோடு, சிறப்பாகப் பெண்மக்களோடு, வந்திருந்து ஆதரிக்குமாறு வேண்டுகின்றோம். தணிகைப் பெருமான் திருவருள் முன்னிற்க.